அண்ணி அவிழ்த்த காப்பு

என் வயிற்றில், மார்புக்குழிக்குக் கீழே தொடங்கி இடது விலா ஓரமாக வளைந்து போகும் ஒரு தழும்பு இருக்கிறது. குளிக்கும்போது சோப்பு அங்கே வந்ததும் கை கொஞ்சம் நிற்கும். இத்தனை வருஷமாகியும் நிற்கிறது. அப்போது நான் நினைத்துக்கொள்வது எந்தச் சாமியையும் இல்லை, என் நாத்தனாரை. ஒரு காலத்தில் அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்கிற நன்றி கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிற நன்றி மாதிரி ஆகிவிடும்.

நான் பிறந்தது பிரம்மதேசம். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற ஊர். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குறை என் வயிற்றில் இருந்தது. பொங்கலுக்கு வடை தின்றால் வலி, கறி எடுத்த ஞாயிற்றுக்கிழமை வலி, கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் வலி. வலி என்றால் சும்மா வலி இல்லை. மேல்வயிற்றில் பிடித்து நேராக முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுக்க முடியாது. முழங்காலை மடக்கி, தலையைக் கவிழ்த்து, மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பேன். ரெண்டு மூன்று நாளில் தானாக விட்டுவிடும். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். அதற்கும் கேட்காவிட்டால் குடலேற்றம் என்பார்கள்.

குடலேற்றம் என்றால் குடல் இருந்த இடத்தை விட்டு மேலே ஏறிக்கொள்வதாம். அதை இறக்குவதற்கு எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். வெறும் வயிற்றோடு போய்ப் படுக்க வேண்டும். விளக்கெண்ணெய் தடவித் தொப்புளைச் சுற்றி விரலால் அமுக்கி அமுக்கி இறக்குவார். அப்புறம் பழைய புடவையில் என்னைப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். எனக்கு அந்த உருட்டல் பிடிக்கும். அமுக்கல்தான் உயிர் போகும். நல்ல மனுஷர், பாவம், அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார்.

மரக்காணத்து உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்து வேலை செய்கிற குடும்பத்தில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். வரப்பு போட்ட சதுரம் சதுரமான பாத்திகள், கண்ணைக் கூசும் வெயில், காலில் எப்போதும் ஒரு வெடிப்பு. பக்கத்துப் பாத்தி என் வீட்டுக்காரருடைய அக்காவும் அவள் புருஷனும் எடுத்திருந்தது. முறைக்கு எனக்கு அண்ணி. நேரில் வாங்க போங்க போட்டுத்தான் பேசுவேன். மனசுக்குள் அவள் இவள்தான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவளுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரில் அதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். அதை அவள் காதுபட எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். போன ஜென்மத்துப் பாவம், அம்மன் கோபம், நாகதோஷம் என்று ஆளுக்கு ஒரு காரணம். நான் அவளை ஆயிரம் பேசியிருப்பேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் என் வாயில் வந்ததில்லை, அது எனக்கும் அவளுக்கும் தெரியும்.

எங்கள் சண்டை தண்ணீர்ச் சண்டை. கடற்கழியிலிருந்து இறைக்கிற உப்புத்தண்ணியைப் பெரிய பாத்தியில் நிறுத்தி வெயிலில் காயவைப்போம். நன்றாகக் காட்டமான பிறகுதான் உப்பு விளைகிற சின்னப் பாத்திக்கு மடை திறந்துவிடுவோம். முறை வைத்துத்தான் திறக்க வேண்டும். ஒரு வருஷம் எங்கள் முறைக்குக் காத்திருந்த தண்ணி, காலையில் போய்ப் பார்த்தால் அவர்கள் பாத்தியில் பளபளவென்று நிற்கிறது. கேட்டால், நண்டு குடைந்து மடை உடைந்துபோச்சு என்றாள். நண்டாம் நண்டு! இப்பவும் சொல்கிறேன், அது கண்ணாடி வளையல் போட்ட நண்டு.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. நின்றது என்றால் நேர்ப்பேச்சுதான் நின்றது. ஜாடைப் பேச்சு ஓயவே இல்லை. அவள் ஒரு சாம்பல் நிறக் கோழி வளர்த்தாள். எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அதனிடம் சொல்லுவாள். "ஏய் கோழி, சில பேருக்கு நாக்கு நீளம், பாத்து மேய்" என்பாள். நான் என் பங்குக்குத் தண்ணிக்குடத்தோடு பேசுவேன். "கொடமே, அடுத்தவங்க தண்ணி மேல ஆசப்படாத, ஓட்டையாப்பூடுவ." இப்படியே நாலைந்து வருஷம் ஓடியது. அந்தக் கோழி செத்து வேறு கோழி வந்தது, சண்டை மட்டும் பழசு.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயசு இருக்கும், ரெண்டு பிள்ளைகள். உப்பு வாருகிற பலகைக்கு நீளமான கம்பு உண்டு. இழுக்கும்போது கம்பின் முனை வயிற்றை ஒட்டி வரும். ஒரு மாசி மாதம் இடது விலாவுக்குக் கீழே கம்பு பட்டால் ஏதோ தடுத்தது. தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு உருண்டை. இறுக்கி ஊதிய பலூன் மாதிரி இருந்தது. நாளாக ஆக வயிறு உப்பியது. ரெண்டு வாய் சோறு தின்றால் நெஞ்சு வரைக்கும் நிறைந்து வாந்தி வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னாடி, முழுகாம இருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பக்கத்துப் பாத்தியிலிருந்து கோழிக்கு ஒரு சேதி வந்தது. "சில பேருக்கு அம்மன் கேக்காமலே குடுக்குது."

அது குத்தலா, வலியா என்று அன்றைக்கு எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

குடலேற்றம்தான், நல்லா ஏறிக் கெட்டியாகிவிட்டது, அமுக்கி இறக்கிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் பிரம்மதேசத்துக்கே சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் போவதாகப் பேச்சு. வாந்திக்கு மருந்து வாங்கலாம் என்று அதற்கு முன்னால் மரக்காணம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு லேடி டாக்டர். வயிற்றில் ரொம்ப மெதுவாகக் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்துவிட்டார்.

"இது கொழந்தையும் இல்ல, கொடலும் இல்ல. நாளைக்கே பாண்டிக்குப் போ. அதுவரைக்கும் எவனாவது எண்ணெ தடவி அமுக்க வந்தான்னா கைய ஒடிச்சி அனுப்பு. அமுக்குனா உள்ளயே வெடிச்சிடும், தெரியுதா?"

என் வீட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. அந்த அம்மா அடுத்த வருஷமே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவர் அன்று லீவு போட்டிருந்தால் நான் அந்தப் பழைய புடவையிலேயே முடிந்திருப்பேன்.

திண்டிவனம் போய், பஸ் மாறி, கிளியனூர் வழியாகப் பாண்டி போய்ச் சேர்ந்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். என் இரைப்பையை உருண்டை முன்னால் தள்ளி வைத்திருக்கிறது என்றார்கள். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம், கட்டி அதிலிருந்து வருகிறதாம். முப்பது வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன், இப்படி ஒன்று உள்ளே இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

சின்ன டாக்டர்கள் இது வெறும் நீர்க்கட்டி என்றார்கள். கணையம் எப்போதோ புண்ணாகி, அதன் நீர் வெளியே கசிந்து பை மாதிரி கட்டியிருக்கும், இரைப்பைக்கு ஒரு வழி வைத்துவிட்டால் வடிந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். அப்புறம் பெரிய சர்ஜன் வந்தார். ஒல்லியான ஆள், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"குடிப்பியாம்மா?"

"யாரு, நானா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கோச்சுக்காத. கேக்கணும், கேக்குறேன். வயித்துல எப்பவாவது பலமா அடி பட்டுதா? வீட்டுக்காரர் அடிப்பாரா?"

"அவரு என்னை அடிச்சிருந்தா இந்தக் கட்டில்ல அவருதான சார் படுத்திருப்பாரு!"

வார்டே சிரித்தது. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சர்ஜனும் சிரித்தார், ஆனால் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குடியும் இல்ல, அடியும் இல்ல. அப்ப இது ஏன் வரணும்?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, என் சின்ன வயசு வலியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். எது தின்றால் வரும், எங்கே பிடிக்கும், எப்படி உட்கார்ந்தால் குறையும் என்று துருவித் துருவிக் கேட்டார். வடை முதல் புடவை வரைக்கும் எல்லாம் சொன்னேன். என் வலியை அத்தனை பொறுமையாக உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மறுநாள் முடிவு சொன்னார். வயிற்றைத் திறந்து பார்த்துத்தான் வடிய விடுவதா, முழுசாக எடுப்பதா என்று தீர்மானிப்பேன், எடுக்க வேண்டி வந்தால் ரத்தம் நிறையப் போகும் என்றார். என் ரத்தம் பி நெகட்டிவ். லேசில் கிடைக்காதாம். ஆஸ்பத்திரியில் இருந்தது போதாது. "இன்னும் ஒரு பாட்டிலாவது கையில இருந்தாத்தான் நான் கத்தியத் தொடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அவர் வெளிநாடு போகிறார், வர ரெண்டு மாசம் ஆகும். ரெண்டு மாசம் இது தாங்குமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முதல்ல ரத்தத்தத் தேடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் புரிந்தது. பிள்ளைகள் ரெண்டும் ஊரில் இருந்தன. அதுகளை மறுபடி பார்ப்பேனா என்பதுதான் என் மனசில் ஓடிய ஒரே கேள்வி.

என் வீட்டுக்காரர் ரத்தம் சேரவில்லை. என் அண்ணன்மார் வந்து கையை நீட்டினார்கள், அவர்களுக்கும் சேரவில்லை. பாண்டிக்கு உப்பு ஏற்றி வந்த லாரி டிரைவரிடம் ஊருக்குச் சேதி சொல்லி அனுப்பினார் என் வீட்டுக்காரர்.

அங்கேதான் சிக்கல். ஊரில் அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்பு கட்டியாகிவிட்டது. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் எங்கள் பக்கம் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் சொந்த வீட்டில் பொங்கியது. வெளியே கை நனைத்தால் காப்பு போச்சு, அந்த வருஷம் தீயில் இறங்க முடியாது. உப்பளத்தில் திடமான ஆள் என்று பார்த்தால் முக்கால்வாசிப் பேர் கையில் காப்பு.

கோயிலில் கூடிப் பேசியிருக்கிறார்கள். பூசாரி வழி சொன்னார். விடிந்ததும் கிளம்புங்கள், விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிடுங்கள், நடுவில் பச்சைத்தண்ணி தவிர எதையும் தொடாதீர்கள். ரத்தம் கொடுப்பது அம்மனுக்கு ஆகாத காரியம் இல்லை என்றும் சொன்னாராம். அவருக்கும் என் நன்றி உண்டு.

இதற்கு மேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. வார்டில் படுத்திருந்தேன். என் வீட்டுக்காரரும் ரத்த பேங்க் நர்சம்மாவும் பிற்பாடு சொன்னதுதான்.

காலையில் உப்பு லாரி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் இறங்கியது. எல்லாரும் தலைக்குக் குளித்து, மஞ்சள் துணி கட்டி, நெற்றியில் விபூதி குங்குமம், கையில் காப்பு, சிலர் இடுப்பில் வேப்பிலை. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. நல்ல காரியத்துக்குப் போகிறோம், சுத்தமாகப் போக வேண்டும் என்று, காப்பு கட்டாதவர்களும் சேர்த்து ஒருவர் விடாமல் பட்டினியாக வந்திருந்தார்கள். ரத்தம் கொடுப்பதும் ஒரு வேண்டுதல் மாதிரிதானே, தின்றுவிட்டா செய்வார்கள்?

நர்சம்மா முதலில் அதைக் கவனிக்கவில்லை. விரலில் குத்திச் சோதிக்கிறார். உப்பு மூட்டை தூக்குகிற ஒரு பங்காளி, ஆள் பனைமரம் மாதிரி இருப்பார். அந்த ஊசிக் குத்துக்கே கண் செருகிச் சாய்ந்துவிட்டார். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை.

"காலையில என்ன சாப்ட்டீங்க?"

"விரதம்மா."

"நீங்க?"

"நாங்களுந்தாம்மா."

"அய்யய்யோ, லாரி நெறைய பட்டினியா வந்து நிக்கறீங்களே! வெறும் வயித்துல ஒரு சொட்டு எடுக்க மாட்டேன். விழுந்தீங்கன்னா உங்கள யாரு தூக்கறது?"

இருந்தாலும் வகை பார்ப்பதற்கு எல்லார் விரலிலும் குத்தினார். என்னுடையதோடு சேர்ந்தது ஒரே ஒரு ஆள். என் அண்ணி.

அவள் ஏன் லாரி ஏறினாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தம்பிக்காக என்று ஊரில் சொன்னாளாம். இருக்கலாம். ஆனால் அவள் கையில் கட்டியிருந்த காப்பு மற்றவர்கள் காப்பு மாதிரி இல்லை. பிள்ளை வேண்டி, மூன்று வருஷம் தொடர்ந்து தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். ரெண்டு வருஷம் மிதித்தாகிவிட்டது. அது மூன்றாவது வருஷம். நடுவில் விட்டால் நேர்ந்தது பலிக்காது, செய்தது அத்தனையும் தண்ணியில் போனது போல.

"சாப்புடாம எடுக்க முடியாதாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

"முடியாதும்மா. உனக்கும் ஆகாது, எனக்கும் வேலை போயிடும்."

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு?"

"சோறு. இல்லன்னா கெளம்பு."

அவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கூட வந்தவர்கள் என்னவென்று சொல்வார்கள்? அவள் புருஷன் மட்டும் பக்கத்தில் போய் நின்றார். என் வீட்டுக்காரர் கிட்டே போய், "அக்கா, வேணாங்க்கா. வேற எங்கியாவது தேடிப் பாக்குறேன்" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, "எங்க தேடுவ?" என்றாள்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. எழுந்து போனாள். பல்லால் கடித்துக் காப்பை அவிழ்த்து, தாழ்ந்த கிளை ஒன்றில் கட்டினாள். திரும்பி வந்து, "சோறு எங்க?" என்று நர்சம்மாவைக் கேட்டாள். நர்சம்மா தன்னுடைய டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்ச்சோற்றைக் கொடுத்தார். அழுதுகொண்டே தின்றாள் என்று நர்சம்மா சொன்னார். அழவில்லை, ஊறுகாய் காரம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எது உண்மை என்று எனக்குத் தெரியும்.

பாட்டில் நிறைந்து எழுந்ததும் தம்பியிடம் அவள் சொன்னது இது: "நான் சாப்ட்டத அவகிட்ட சொல்லாத. அதுக்கு வேற ஏத்தம் வந்துடும் அவளுக்கு."

லாரி விளக்கு வைப்பதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று கிளம்பிவிட்டது. அவள் ஏறவில்லை. காப்பு போன பிறகு எங்கே ராத்தங்கினால் என்ன? பொம்பளை வார்டில் ஆண்கள் தங்க முடியாது, எனக்கு அம்மா இல்லை, என் அண்ணன்மார் பெண்டாட்டிகள் பிள்ளைக்காரிகள். அவள் பாயைச் சுருட்டி என் கட்டிலுக்குக் கீழே போட்டுக்கொண்டாள். நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆபரேஷன். எனக்கு நினைவு வந்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், கையில் ஊசி. தலைமாட்டில் ரத்த பாட்டில் தொங்கியது. அதைப் பார்த்து அவள் பேசிக்கொண்டிருந்தாள். கோழி ஊரில் இருந்துவிட்டதல்லவா?

"ஏய் பாட்டிலு, ஒழுங்கா எறங்கு. சும்மா வரல நீ. வழியில நின்ன, ஒடைச்சிப்புடுவேன்."

சிரிப்பு வந்தது. தையல் பிடித்து இழுத்ததில் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. முதலில் அது சிரிப்புத் தண்ணிதான். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்போதும் பேசவில்லை.

ஊரில் தீமிதி நடந்த சாயங்காலம் நாங்கள் அங்கேயேதான் இருந்தோம். வெயில் தாழ்கிற நேரம், அங்கே இறங்குகிற நேரம். அவள் என்னைச் சாய்த்து உட்காரவைத்து, சிக்குப் பிடித்த தலையை வாரிக்கொண்டிருந்தாள். நடுவில் சீப்பு நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் அவள் சொன்னபடி சொல்லாமல் இருக்கவில்லை, அன்று காலையிலேயே என்னிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அப்புறம் சீப்பு மறுபடி நகர்ந்தது.

வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின நாள் சர்ஜன் வார்டுக்கு வந்தார். கட்டியைச் சோதித்த முடிவு வந்திருந்தது. என் கட்டிலருகே நின்று, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இவ்வளவு பெரிய மனுஷர், உப்பளத்துப் பொம்பளைக்கு என்ன புரியும் என்று போயிருக்கலாம். போகவில்லை.

"வெறும் நீர்க்கட்டி இல்லம்மா அது. தானா வளர்ற கட்டி. உள்ள தண்ணி மாதிரி, சளி மாதிரி இருந்துச்சு, ஆனா அந்தப் பையோட சுவரே வளர்ற சுவரு. வடிய மட்டும் விட்டிருந்தா பின்னால புத்துநோயா மாறியிருக்கும். இப்ப மாறல. கணையத்தோட வால் பக்கத்தையும் மண்ணீரலையும் சேத்து முழுசா எடுத்தாச்சு."

"அப்ப பொழச்சிட்டேனா சார்?"

"பொழச்சிட்ட. இன்னொண்ணும் பாத்தேன். வெட்டுன முனையில மருந்து விட்டுப் படம் எடுத்தோம். கொழந்த வயித்துல உருவாகும்போது கணையம் ரெண்டு துண்டாத்தான் உருவாகும். அப்புறம் ஒண்ணா சேரும், உள்ள இருக்கற குழாயும் ஒண்ணா சேரும். உனக்குக் குழாய் சேரல. மொத்தமும் ஒரு சின்ன வாய் வழியாவே வெளிய வந்துட்டு இருந்துச்சு. எண்ணெப் பலகாரம் தின்னா நீர் நெறைய சுரக்கும், வழி பத்தாது, முட்டும். உன் சின்ன வயசு வலி அதான்னு நெனைக்கிறேன்."

"அதனாலதான் கட்டி வந்துதா சார்?"

"தெரியலம்மா. ரெண்டும் ஒரே எடத்துல இருந்துது. ஒண்ணால ஒண்ணு வந்துதுன்னு சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாது."

தெரியாது என்று சொன்ன டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "நாங்க என்னா தப்பு சார் பண்ணோம்? சின்ன வயசுல அமுக்குனதாலயா? உப்பு மூட்டை தூக்குனதாலயா?" என்று கேட்டார்.

"ஒரு தப்பும் இல்ல. பொறவியிலயே அப்படி. அவ அம்மா வயித்துல இருக்கும்போதே முடிஞ்சிபோன விஷயம். பாவமும் இல்ல, சாபமும் இல்ல, யாரு குத்தமும் இல்ல. இப்படி எத்தனையோ பேரு இருக்காங்க, பாதிப் பேருக்கு இருக்கறதே தெரியாது."

அவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். கட்டில்காலைப் பிடித்தபடி நின்றிருந்த அண்ணி, "சார்" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. அவர் நின்றார்.

"இதே மாதிரி... கொழந்த பெத்துக்குற எடத்துலயும் இருக்குங்களா சார்? பொறவியிலயே? ஒண்ணு சேராம?"

சர்ஜன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சின்ன டாக்டர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள். அவர் அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துச் சொன்னார்.

"இருக்கலாம்மா. நெறைய பேருக்கு இருக்கு. பொம்பளைக்கும் இருக்கலாம், ஆம்பளைக்கும் இருக்கலாம். வேணும்னா இங்கயே லேடி டாக்டரப் பாரு, சொல்லிட்டுப் போறேன். ஆனா எதுவா இருந்தாலும், அதுவும் யாரு குத்தமும் இல்ல."

அவர் போய்விட்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பத்து வருஷத்துக்கு மேல் விளக்குப் போட்டு, மண்சோறு தின்று, தீயில் இறங்கி, ஊரார் வாயைக் கேட்டுக்கொண்டு நின்றவள். அவளிடம் ஒரு மனுஷர் முதல்தடவையாக இப்படிச் சொல்லியிருக்கிறார். மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கோழி இல்லை, பாட்டில் இல்லை, சீப்பு இல்லை. என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"கேட்டியாடி?"

"கேட்டேங்கண்ணி" என்றேன். "நல்லாக் கேட்டேன்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஊசி குத்தியிருந்த என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வார்டு முழுக்கப் பார்க்க வாய் விட்டு அழுதாள். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் காபி வாங்கப் போகிறேன் என்று ஓடியவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

ஆடி மாசம் நான் மறுபடி பாத்திக்கு வந்தேன். எண்ணெய்ப் பலகாரத்தை விட்டேன், வலி என்னை விட்டது. வந்த வாரமே மடைக்குச் சண்டை வந்தது. முறை எங்களுடையது, இதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் இந்தத் தடவை வரப்பின் ரெண்டு பக்கமும் நின்று நேருக்கு நேர் போட்டுக்கொண்டோம். "எங்க ரத்தம் ஓடுது இல்ல, அதான் இந்தச் சத்தம்!" என்றாள் அவள். பக்கத்தில் உப்பு வாரினவர்கள் கையைத் தட்டினார்கள். கோழி அது பாட்டுக்கு மேய்ந்தது.

அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பாண்டி லேடி டாக்டரிடம் ஒரு தடவை போனாள், என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஊரில் யாராவது அந்த வார்த்தையை எடுத்தால் தலையைக் குனிவதை விட்டுவிட்டாள். நின்று, நிமிர்ந்து, பார்ப்பாள். அவ்வளவுதான். சொன்னவர்கள்தான் நகர்ந்து போவார்கள்.

அடுத்த வருஷம் தீமிதிக்கு அவள் மறுபடி காப்பு கட்டினாள். தீக்குழி முடிகிற இடத்தில், மிதித்து வருகிறவர்கள் கால் வைக்கப் பால் ஊற்றிய சின்னக் குழி இருக்கும். வருகிறவர்களைத் தாங்கிப் பிடிக்க வீட்டு ஆட்கள் அங்கே நிற்பார்கள். நான் நின்றேன். மஞ்சள் புடவையில், வேப்பிலையோடு, ஓடாமல், வரப்பில் நடக்கிற மாதிரி நடந்து வந்தாள். பால்குழியில் கால் வைத்ததும் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் உடம்பு அனலாகக் கொதித்தது.

கொஞ்சம் மூச்சு அடங்கியதும் கேட்டேன். "மறுபடியும் முதல்லேருந்தா அண்ணி? மூணு வருஷமா?"

"இல்லடி."

"அப்ப அம்மன்கிட்ட என்னா கேட்டீங்க?"

அவள் காலில் ஒட்டியிருந்த சாம்பலைப் பாலில் தேய்த்துக் கழுவினாள்.

"புள்ளையும் கேக்கல. போன வருஷம் காப்ப அவுத்ததுக்கு மன்னிப்பும் கேக்கல" என்றாள். "நடந்தேன், அவ்ளோதான்."

அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.